மெடிக்கல் நாள் மாத்திரை

"இவருக்கு பிரஷர், சுகர், இதயக் கோளாறு ஏதாவது உண்டா?" என்று இரண்டு டாக்டர்கள் என்னிடம் கேட்டார்கள். இரண்டு பேரிடமும் "ஒண்ணும் இல்லைங்க. கம்பெனியில வருசா வருசம் பாக்கறாங்க, எல்லாம் நார்மல்" என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பதிலை மாற்றாமல் விட்டிருந்தால் என் வீட்டுக்காரர் இன்று இருந்திருக்க மாட்டார். தலைசுற்றல் என்றால் பித்தம், வெயில், வெறும் வயிறு என்று ஒரு காரணம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

அவர் பெயர் வேடியப்பன். சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். ஓசூரில், வண்டிகளுக்கு இரும்பு பாகங்கள் வார்க்கிற ஒரு ஃபேக்டரியில் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. இரும்பு ஏணியில் ஏறி, மேலே தொங்குகிற கேபினில் உட்கார்ந்து, உருக்கிய இரும்பு நிறைந்த பெரிய வாளியை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க வேண்டும். கீழே நிற்கிற ஆட்களின் தலைக்கு மேல் அந்த வாளி போகும். அந்த வேலையில் அவருக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "கீழ இருக்கறவனுக்கு நாந்தான் சாமி" என்று சொல்லிக்கொள்வார். வீட்டில் பரணில் இருக்கும் அண்டாவை எடுத்துக் கொடுங்கள் என்றால் மட்டும் சாமிக்கு முதுகு வலிக்கும்.

நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் போர்டை வைத்து எங்கே பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் மகள் பவித்ரா கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கறி வாங்கப் புறப்பட்டவர் செருப்பு மாட்டக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க?"

"வீடு சுத்துது. புடி."

பிடித்து உட்கார வைப்பதற்குள் வாந்தி. கண்ணைத் திறந்தால் சுற்றுகிறது என்று இறுக்கி மூடிக்கொண்டார். நானும் பவித்ராவும் ஆட்டோவில் ஏற்றித் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் வயதானவர், நிதானமானவர். பிரஷர் பார்த்தார், ஏறியிருந்தது. முன்பே உண்டா என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்ன பதிலை முதலில் அங்கேதான் சொன்னேன். "வாந்தி எடுத்த பதட்டத்துல ஏறியிருக்கலாம்" என்றார் அவர். உட்காதில் உடம்பின் சமநிலையைக் காட்டுகிற ஒரு சின்ன அமைப்பு இருக்கிறதாம். அது குழம்பினால் மூளைக்குத் தப்பான செய்தி போகும், நாம் அசையாமல் இருந்தாலும் உலகம் சுற்றும், பெரும்பாலான தலைசுற்றல் இந்த வகைதான், பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். கிளம்பும்போது, "நடக்க முடியலைன்னாலோ, பேச்சு கொழறினாலோ, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சாலோ வீட்ல வெச்சிருக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

காதுதான் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் சொல்வது எதுவும் காதில் ஏறாத மனுஷருக்குக் காதிலேயே கோளாறு என்று பவித்ராவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஷிஃப்டுக்குப் போகிறேன் என்று எழுந்தார். எழுந்த உடம்பு நேராக நிற்கவில்லை, இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய் நிலைக்கதவில் இடித்தது. காபி டம்ளரை நீட்டினேன். அவர் கை டம்ளருக்குப் பக்கத்தில் போய்க் காற்றைப் பிடித்தது. டாக்டர் சொன்ன மூன்றில் ஒன்று வந்துவிட்டது. சட்டைகூட மாற்றாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டரம்மா கர்நாடகப் பக்கத்துப் பெண். கன்னடம் கலந்த தமிழ். சின்ன வயது, ஆனால் கண்ணில் அவசரம் இல்லை. பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, இஷ்டு, இவ்ளோ ஏறியிருக்கு. முன்னாடி இல்லவே இல்லையா?"

"இல்லைங்க மேடம். கம்பெனி மெடிக்கல்ல ஒவ்வொரு வருசமும் நார்மல்னுதான் வரும்."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

நிற்க வைத்துப் பார்க்கலாம் என்று தூக்கினால் வாந்தி வந்தது. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை, ஒன்றும் தெரியவில்லை என்று வந்தது. அவரைவிடப் பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். ஐம்பதைத் தொடாத ஆள், பிரஷர் கிடையாது, சுகர் கிடையாது, சிகரெட் கிடையாது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. இதெல்லாம் நான் சொல்லிச் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டது. சாய்ந்து நடந்தார் என்றும் சொன்னேன். தலை சுற்றும்போது சாயத்தான் செய்வார்கள், காது டாக்டர் பார்க்கட்டும், எம்ஆர்ஐ தேவைப்பட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவானது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கொடுத்த பதிலை வைத்துத்தான் அவர்கள் போக முடியும்.

வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அன்வர் அண்ணன் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டாளி. ஸ்டோரில் வேலை. அவருக்கு பிரஷர் இருப்பது ஃபேக்டரிக்கே தெரியும், தரையில் நின்று செய்கிற வேலை என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஃப்ளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். எனக்கும் பவித்ராவுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பிரஷர் எவ்ளோ காட்டுதாம்?" என்று கேட்டார். சொன்னேன். தனக்கு ஊற்றிய டீயை அவர் குடிக்கவே இல்லை.

"ஏம்மா தங்கச்சி, டாக்டருங்க கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்லைன்னேன். இல்லாததைத்தான இல்லைன்னு சொல்ல முடியும்?"

"இருக்குதும்மா."

"என்னா இருக்குது?"

"பிரஷர். ரொம்ப வருசமா இருக்குது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மெடிக்கலுக்கு மொத நாளு என்கிட்ட மாத்திரை வாங்கிக்குவான். ராவைக்கு ஒண்ணு, காலையில ஒண்ணு. அன்னிக்கு மட்டும் எறங்கிக் காட்டும். கிரேன்ல ஏறறவனுங்க நெறைய பேரு அப்படித்தான் பண்றானுங்க. பிரஷர்னு தெரிஞ்சா மேல ஏத்த மாட்டாங்க, கீழ எறக்கிருவாங்க. எங்க ஆளுங்க அதுக்கு மெடிக்கல் நாள் மாத்திரைன்னே பேரு வெச்சிருக்கானுங்க."

எனக்கு வந்தது எல்லாம் கோபம்தான்.

"வருசத்துல ஒரு நாளைக்கு மட்டும் மாத்திரை. மீதி நாளெல்லாம்?"

"மீதி நாளு ஒடம்பு நல்லாத்தான கீதுன்னு சொல்லுவான். ஏணி எறங்கறப்ப ரெண்டு மூணு வாட்டி கிறுகிறுன்னு வந்து கம்பியக் கட்டிப் புடிச்சு நின்னிருக்கான். நான் சொன்னேம்மா, டாக்டர்கிட்ட போடான்னு. கேக்கல."

எந்த போர்டில் எங்கே விரிசல் என்று நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற ஆளின் உடம்பில் இவ்வளவு நடந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த ‘ஃபிட்’ என்ற ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். அவர் என் நடையிலேயே புரிந்துகொண்டார்.

"அன்வர் சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு. நான் போயி டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லாத." கண்ணை மூடிக்கொண்டே என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். முதல் தடவை கை தவறி, இரண்டாவது தடவைதான் பிடித்தார். "இன்சூரன்ஸ் பேப்பர்ல எழுதுவாங்க. கம்பெனிக்குப் போயிரும். கிரேன் போயிரும்டி."

"கிரேன் மேல ஏற ஆளு இருந்தாத்தான அது போவறதுக்கு?"

"காதுன்னுதான சொல்றாங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும். பவித்ரா படிப்பு முடியட்டும், நானே போயிப் பாத்துக்கறேன்."

பொய் சொல்கிறவர் குரலாக அது இல்லை. கெஞ்சுகிற குரல். கீழே இறக்கப்பட்டவர்களை எனக்கும் தெரியும். கிரேனிலிருந்து இறங்கியவருக்குக் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள், பிறகு ஒப்பந்தம் முடிந்தது என்பார்கள். ஒரு நிமிஷம் நானும் நின்றேன். ஒருவேளை காதாகவே இருந்தால்? நான் போய்ச் சொல்லி, கிரேனும் போய், வெறும் காதுக் கோளாறு என்றும் ஆகிவிட்டால்? அப்படியும் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் காற்றைப் பிடித்த அந்தக் கை கண் முன்னால் நின்றது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வெளியே வந்தேன்.

டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டுக் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எஷ்டு வருசமா?"

"எனக்குத் தெரியாதுங்க. இவருக்குத்தான் தெரியும்" என்று அன்வர் அண்ணனை முன்னால் தள்ளினேன்.

"சிகரெட்?"

"விட்டுட்டாருங்க" என்றேன். பின்னால் அன்வர் அண்ணன் இருமினார். "ஷிஃப்டு முடிஞ்சா ஒண்ணு ரெண்டு அடிப்பான், மேடம்" என்றார். என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எதுவும் மிஞ்சாது போலிருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தில் சுகரும் கூடுதலாக இருக்கிறது என்று அப்போதுதான் பேப்பர் வந்தது.

டாக்டரம்மா யாருக்கோ போன் செய்தார், எம்ஆர்ஐக்கு உடனே கொண்டு போகச் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தபடி எனக்கு விளக்கினார். "தலைசுத்தல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், அம்மா. யாருக்கு வருது, அதுதான் நோடபேக்கு, அதைத்தான் பாக்கணும். காலேஜ் பொண்ணுக்கு வந்தா ஒண்ணு, இவருக்கு வந்தா வேற." பிரஷர், சுகர், புகை, சீராகத் துடிக்காத இதயம், ஏறுகிற வயது, குடும்பத்தில் யாருக்காவது பக்கவாதம், இவற்றில் ஒன்று இருந்தாலே தலைசுற்றலைச் சாதாரணமாக எடுக்கக் கூடாதாம். இவருக்கு மூன்று இருக்கிறது. மூளையின் பின்பக்கம் போகிற ரத்தக் குழாய் அடைத்தால் கை கால் விழாமல், வாய் கோணாமல், வெறும் தலைசுற்றலும் வாந்தியுமாகவே வருமாம். ஆரம்பத்தில் சிடி ஸ்கேனில் அது தெரியாமலும் போகும். பக்கவாதம் என்றால் வாய் கோணும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எம்ஆர்ஐயில் தெரிந்தது. சிறுமூளையில், இடது பக்கம். உடம்பை நேராக நிறுத்துவதும் கையைக் குறி தவறாமல் கொண்டு போவதும் அந்தச் சிறுமூளையின் வேலை. அங்கே ரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்திருந்தது. ஐசியூவுக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டரே வந்து பேசினார். அடுத்த சில நாட்களில் அந்த இடம் வீங்கலாம், பின்னந்தலையில் வீக்கத்துக்கு இடம் கிடையாது, வீங்கினால் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்துகிற மூளைத்தண்டை அழுத்தும், அப்போது உடனே மண்டையைத் திறக்க வேண்டும் என்றார். "இந்நேரம் சாதா வார்டுல இருந்திருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்கம்மா" என்றும் சொன்னார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் பெயரை நான் எழுதிய விதத்தைப் பார்த்தால் எனக்கும் சிறுமூளையில் கோளாறு என்பார்கள்.

பிறகு காத்திருந்த நாட்கள். அதைப் பற்றி நிறைய எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், எழுத உட்கார்ந்தால் பயம் ஒன்றுதான் நினைவில் இருக்கிறது. ஐசியூ கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பும். நர்ஸ் அடிக்கடி அவரை எழுப்பிப் பெயர் கேட்பார். வீக்கம் வந்தால் முதலில் ஆள் மந்தமாவார், கூப்பிட்டால் எழ மாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். கதவிடுக்கில் காதை வைத்து நிற்பேன். "வேடியப்பன்" என்று எரிச்சலோடு அவர் சொல்வது கேட்டால் போய் உட்காருவேன். பில்லைப் பவித்ரா வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், என் கண்ணில் காட்டவே இல்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வந்ததும் என்னைக் குறை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தூங்கு அண்ணி, நான் கதவைப் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் அப்படித் தூங்குவேன் என்று நினைக்கவில்லை.

பிரஷரை ஏன் சட்டென்று இறக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் ஒருநாள் சண்டைக்குப் போனேன். வருஷக்கணக்கில் ஏறியே இருந்த உடம்பு அந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கும், திடீரென்று இறக்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும், மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று விளக்கினார். இதய ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருப்பதையும் காட்டினார். இத்தனை வருஷம் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்ததாம்.

உள்ளே விட்ட நேரங்களில் அவர் என்னோடு பேசவில்லை. நான் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தலை சுற்றாமல் திருப்ப முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வீக்கம் வந்தது, ஆனால் மருந்திலேயே அடங்கியது. மண்டையைத் திறக்கவில்லை. அன்று பெரிய டாக்டர் "இனி பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனதும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நடை சரியாகவில்லை. தரை டைல்ஸின் கோட்டில் காலுக்கு முன் கால் வைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோடு நேராகப் போகும், அவர் இடது பக்கம் போவார். அவர் பயந்தபடிதான் எல்லாம் நடந்தது. கம்பெனிக்குத் தெரிந்தது, கிரேன் போனது. உடம்பு தேறியதும் கேட் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. என்னோடு சோறு, தண்ணீர், மாத்திரை என்பதற்கு மேல் அவர் பேசுவதில்லை. உயிரோடு இருக்கிறாரே என்று என் மனசை நானே தேற்றிக்கொள்வேன். சில நாள் அது போதும், சில நாள் போதாது.

போன வாரம் ஒரு சாயங்காலம் மாதேஷ் வந்தான். இப்போது இவருடைய கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன் அவன்தான். அஞ்செட்டிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி கைக்குழந்தை இருக்கிறது. ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். உடம்பை விசாரித்தான், ஃபேக்டரிக் கதை பேசினான், போகிற மாதிரி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தான்.

"அண்ணா, நாளான்னிக்கு மெடிக்கலு."

இவர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்வர் அண்ணன்கிட்ட கேட்டேன். இனிமே யாருக்கும் தர மாட்டேன்னுட்டாரு. உங்ககிட்ட இருக்குமே, ரெண்டு மாத்திரை." என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஏணி ஏறறப்ப லேசா கிறுகிறுங்குது. மெடிக்கல் முடிஞ்சிட்டா போதும்ணா, அப்புறம் பாத்துக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுக்கவில்லை. சுவரையும் பிடிக்கவில்லை. மாதேஷின் எதிரிலேயே சமையலறைக்கு நடந்தார். நாலு எட்டு தூரம்தான். இடது பக்கமாகச் சாய்ந்து, தோள் கதவு நிலையில் இடித்து, நின்று, மறுபடியும் நடந்தார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மாதேஷ் எழப் போனான்.

"உக்காரு" என்றார் உள்ளிருந்து.

அவர் கொண்டு வந்தது மாத்திரை இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர். வருகிற வழியெல்லாம் தரையில் சிந்தியிருந்தது, வேட்டி நனைந்திருந்தது. ஸ்டூலில் வைக்கப் போனார். டம்ளர் முதலில் ஸ்டூலுக்கு வெளியே இறங்கியது. மாதேஷ் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். மீதி இருந்த தண்ணீரைக் குடித்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணி, அந்த டாக்டரம்மா நாளைக்கு இருப்பாங்களா?"

நான் பதில் சொல்லும் முன் இவர் சொன்னார். "காலையிலயே இருப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் கூட வர்றோம்."